காற்று தூக்கும் வண்டி: ஏர் சஸ்பென்ஷனில் உயரம் கூட்டுவது எப்படி நடக்கிறது

மழை ஓய்ந்த ஒரு மண்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரும் லாரியும் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் ஆழமாக விழுந்திருக்கும். நடுவில் மண் மேடாக நிற்கும். அந்தப் பாதையில் கார் ஒன்று நுழைந்தால் சக்கரங்கள் தடத்துக்குள் இறங்கும், வண்டியின் வயிறு நடு மேட்டில் உட்காரும். உட்கார்ந்தபிறகு நான்கு சக்கரமும் சுற்றினாலும் பயனில்லை. வண்டியின் எடையை இப்போது மேடு தாங்குகிறது, சக்கரம் தாங்கவில்லை. எடை ஏறாத சக்கரத்துக்கு மண்ணில் பிடிப்பு கிடைக்காது.

நான்கு சக்கர இயக்கமும் நல்ல டயரும் இருந்தும் வண்டிகள் காட்டுப்பாதையில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத்தான் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்கிறோம். இதைக் கூட்டப் பெரிய டயர் போடலாம், உயரமான ஸ்பிரிங் போடலாம். இரண்டிலும் ஒரு சங்கடம் உண்டு. கூட்டிய உயரம் அப்படியே நின்றுவிடும். காட்டில் உதவிய உயரம் நெடுஞ்சாலையில் வளைவுக்கு வளைவு வண்டியைச் சாய்க்கும், வீட்டில் பாட்டியை ஏற்றி இறக்கும்போதும் தொல்லை தரும். தேவைப்படும்போது தூக்கி, வேலை முடிந்ததும் இறக்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் அல்லவா? ஏர் சஸ்பென்ஷன் செய்வது அதைத்தான்.

இந்தக் கட்டுரையில் லேண்ட் ரோவர் வண்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காட்டுப்பாதைக்கான வண்டிகளில் இந்த முறையை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருபவர்கள் அவர்கள். 1970-இல் காயில் ஸ்பிரிங்கோடு வந்த ரேஞ்ச் ரோவருக்கு, 1992-இல் எல்.எஸ்.இ. மாடலில் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட ஏர் சஸ்பென்ஷன் வந்தது. 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர், 2004-இல் வந்த டிஸ்கவரி 3, 2020 முதல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டர் என்று அது தொடர்ந்தது. டிஸ்கவரி 3 வண்டியில் சாதாரண உயரத்தில் கிரவுண்ட் கிளியரன்ஸ் 185 மி.மீ. ஸ்விட்சைத் தட்டினால் 55 மி.மீ. ஏறி 240 மி.மீ. ஆகும். இறங்கி ஏறுவதற்கு 50 மி.மீ. தாழவும் செய்யும். புதிய டிஃபெண்டர் 75 மி.மீ. வரை தூக்கிக்கொள்ளும். வயிறு தட்டி நிற்கும் நெருக்கடியில் அதற்கு மேலும் 70 மி.மீ. உயரும்.

ஐந்தரை சென்டிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். கட்டைவிரல் நீளம்தான். ஆனால் ஒரு கல் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியில் படுமா படாதா என்பதைத் தீர்மானிக்க அது தாராளமாகப் போதும்.

காற்று எப்படி இரண்டு டன்னுக்கு மேல் தாங்குகிறது?

சாதாரண வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலும் ஒரு இரும்புச் சுருள் இருக்கும். அதுதான் காயில் ஸ்பிரிங். ஏர் சஸ்பென்ஷனில் அந்தச் சுருளின் இடத்தில் கனத்த ரப்பர் உறை ஒன்று இருக்கிறது. உள்ளே நூலிழைகள் பின்னிய ரப்பர் அது, டயரின் பக்கச் சுவர் போல. மெக்கானிக்குகள் இதை ஏர் பேக் என்றுதான் சொல்கிறார்கள், விபத்தில் விரியும் ஏர் பேக்கோடு இதற்குச் சம்பந்தம் கிடையாது. குழப்பம் வேண்டாம் என்று இங்கே காற்றுப்பை என்றே சொல்கிறேன்.

காற்றுப்பையின் அடியில் பிஸ்டன் மாதிரி ஒரு உருளை இருக்கிறது. சக்கரம் மேலே ஏறும்போது அந்த உருளை பைக்குள் நுழைகிறது. ரப்பர் உறை உருளையின் மேல் மடிந்து சுருண்டு இறங்கும், முழுக்கைச் சட்டையின் கையை உள்பக்கமாகத் திருப்பிச் சுருட்டுவது போல. சக்கரம் கீழே இறங்கும்போது சுருண்டது விரியும்.

இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் வருகிறது. வண்டியைத் தூக்க வேண்டும் என்றால் பையில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்க அடிக்க இறுகுவதைப் பார்த்த பழக்கம் அது. ஏர் சஸ்பென்ஷனில் நடப்பது வேறு. இதை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஊசி போடும் சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டு, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். தள்ளும் தண்டின் தலையில் ஒரு படிக்கல்லை வையுங்கள். வாயில் ஒரு குழாயைச் சொருகி மெல்லக் காற்றைச் செலுத்தினால் தண்டு படிக்கல்லோடு மேலே ஏறும். ஒரு சென்டிமீட்டர் ஏறியபோதும் நான்கு சென்டிமீட்டர் ஏறியபோதும் உள்ளே இருக்கும் அழுத்தம் ஒன்றுதான். ஏனென்றால் படிக்கல்லின் எடை மாறவில்லை, சிரிஞ்சின் குறுக்களவும் மாறவில்லை. மாறியது உள்ளே இருக்கும் காற்றின் அளவு.

வண்டியிலும் இதேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மூலையில் காற்றுப்பை தாங்கும் எடை 650 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பையின் பயனுள்ள விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. 650-ஐ 78.5-ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8.3 கிலோ, அதாவது காற்றழுத்தத்தை அளக்கும் அலகான பாரில் சொன்னால் 8-க்குச் சற்று மேல். கார் டயரில் நாம் அடிப்பது 2.2 அல்லது 2.3 பார். டயர் காற்றைப்போல் மூன்றரை மடங்கு அழுத்தம் இருந்தால் உள்ளங்கை அகலப் பை ஒன்று 650 கிலோவைத் தாங்கிவிடும். வண்டி தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் இந்த 8 பார் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பைக்கு அடியிலுள்ள உருளையின் வடிவம் மேலும் கீழும் சற்று மாறுவதால் சிறு வேறுபாடு வரலாம், அவ்வளவுதான்.

அழுத்தம் எப்போது கூடும்? எடை கூடும்போது. பின்னால் ஐந்து பேரின் பெட்டிகளை அடுக்கினால் பின்பக்கப் பைகளில் அழுத்தம் கூட வேண்டும். இரும்பு ஸ்பிரிங் என்றால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காற்றுப்பையில் கூடுதல் காற்றை ஏற்றி அதே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இதோடு இன்னொரு நல்லதும் நடக்கிறது. அழுத்தம் கூடினால் பையின் விறைப்பும் கூடுகிறது. எடைக்கு ஏற்ற விறைப்பு தானாகவே கிடைப்பதால், ஒருவர் மட்டும் போனாலும் ஏழு பேர் நிறைந்து போனாலும் வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரி அசைந்து போகும். என்னைக் கேட்டால், உயரம் கூட்டுவதைவிட ஏர் சஸ்பென்ஷனின் அழகான குணம் இதுதான்.

ஸ்விட்சைத் தட்டியதும்

காற்று எங்கிருந்து வருகிறது? மின்சாரத்தில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்று டேங்க் ஒன்றில் சேமித்து வைக்கப்படுகிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஒரு உயர சென்சார் உண்டு. சிறிய ராடு ஒன்று சக்கரத்தைத் தாங்கும் கையோடு அதை இணைக்கிறது. சக்கரம் ஏற இறங்க ராடு சென்சாரின் கரத்தைத் திருப்பும். அந்தத் திருப்பத்தின் கோணத்தை வைத்துத்தான் இந்த மூலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணினி தெரிந்துகொள்கிறது. இந்தச் சின்ன ராடை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

எஞ்சின் ஓடுகிறதா, கதவுகள் மூடியிருக்கின்றனவா என்று கணினி முதலில் பார்க்கும். பிறகு டேங்கின் வால்வையும் பின்பக்கப் பைகளின் வால்வையும் திறக்கும். வண்டியின் பின்பக்கம் முதலில் எழும், அப்புறம் முன்பக்கம். இறங்கும்போது இதற்கு நேர்மாறாக, முன்பக்கம் முதலில். எப்போதும் மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கும்படி இந்த வரிசையை வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் முதலில் எழுந்தால் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் அல்லவா.

டேங்க் எதற்கு என்ற கேள்விக்கும் கணக்கு பதில் சொல்லும். நம் 78.5 சதுர செ.மீ. பை 5.5 செ.மீ. உயர வேண்டுமானால் உள்ளே 430 கன செ.மீ. இடம் புதிதாகத் திறக்கும். அந்த இடத்தை 8 பார் காற்றால் நிரப்ப, சாதாரணக் காற்று கிட்டத்தட்ட 4 லிட்டர் வேண்டும். நான்கு பைக்கும் சேர்த்து 16 லிட்டர். சக்கரத்துக்கு நேர் மேலே பை இருப்பதாக வைத்துப் போட்ட எளிய கணக்கு இது, ஆனாலும் அளவு புரிகிறது. சிறிய கம்ப்ரஸர் இதை அப்போதைக்கப்போது அடித்துக்கொண்டிருந்தால் வண்டி எழ வெகுநேரம் ஆகும். முன்கூட்டியே அழுத்திச் சேமித்து வைத்திருந்தால் சில நொடிகளில் எழுந்துவிடும். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பது போலத்தான். மோட்டார் மெல்ல ஓடித் தொட்டியை நிரப்பும், குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் பாயும்.

கம்ப்ரஸரோடு ஒட்டியே ஒரு டிரையர் இருக்கிறது. வெளிக்காற்றில் ஈரம் உண்டு. அழுத்தும்போது அந்த ஈரம் நீராகப் படியும், வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும், குளிர்நாடுகளில் உறைந்தும் போகும். டிரையரில் உள்ள மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. புது ஷூ பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதே வேலை. ஈரம் உறிஞ்சி உறிஞ்சி மணிகள் நிறைந்துவிடாதா? வண்டி இறங்கும்போது பைகளிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று இதே டிரையர் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. போகிற போக்கில் மணிகளிலுள்ள ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஏறும்போது சேர்ந்த ஈரம் இறங்கும்போது கழிகிறது. இந்த ஏற்பாட்டை யோசித்தவரை மனதாரப் பாராட்ட வேண்டும்.

உயரத்தை மாற்றிக்கொள்ளும் வண்டிகள் எல்லாம் காற்றில் ஓடுபவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கார் எழும்பும். அதில் ஆயிலும் அடைத்து வைத்த நைட்ரஜனும் வேலை செய்தன. டொயோட்டா தன் பெரிய லேண்ட் க்ரூஸர் வண்டிகள் சிலவற்றிலும் ஆயிலைக்கொண்டு தூக்கும் முறையையே வைத்தது. தூக்குவது ஒன்றுதான், வழி வேறு.

எது உயர்கிறது, எது உயர்வதில்லை

உயரம் கூட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் கல்லின் மேல் ஏற்றி அடிவாங்கியவர்கள் உண்டு. காரணம், வண்டியின் எல்லாப் பாகமும் சேர்ந்து உயர்வதில்லை.

1994-இல் வந்த ரேஞ்ச் ரோவரை எடுத்துக்கொள்வோம். அதில் இடது வலது சக்கரங்களை ஆக்சில் எனப்படும் ஒரே உறுதியான குறுக்குத்தண்டு இணைக்கிறது. ஆக்சிலின் நடுவே, குடம் போன்ற வீக்கத்துக்குள், எஞ்சினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் இருக்கிறது. காற்றுப்பை இருப்பது ஆக்சிலுக்கும் வண்டிக்கும் நடுவே. ஆகவே பை விரிந்தால் உடம்பும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸும் எழும். ஆக்சிலும் அந்தக் குடமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் குடத்தின் உயரம் ஒரு அங்குலம் கூடும். இப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு தூக்கினாலும், நடு மேட்டில் குடம் இடிக்கும் என்றால் இடிக்கத்தான் செய்யும்.

டிஸ்கவரி 3, புதிய டிஃபெண்டர் ஆகியவற்றில் நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குபவை. டிஃபரென்ஷியல் வண்டியின் உடம்போடு சேர்ந்து மாட்டப்பட்டிருக்கிறது. வண்டியைத் தூக்கினால் அதுவும் கூடவே மேலே போகும். வண்டியின் நடுப்பகுதியில் உண்மையிலேயே முழு 55 மி.மீ. கிடைப்பது இந்த அமைப்பில்தான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கைகளின் வெளி முனைகள் மட்டும் சக்கரத்தோடு கீழேயே நிற்கும். எனவே ஓட்டுபவருக்குப் பொதுவாகச் சொல்லும் பாடம் வண்டிக்கு வண்டி மாறும். ஆக்சில் வண்டி என்றால் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டும், கல்லைக் குடத்துக்கு நேரே விடக்கூடாது. தனித்தனிச் சக்கர வண்டியிலும் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றுவதே நல்லது, ஆனால் நடுவில் விட்டுத் தாண்டவும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

உயரத்தால் கிடைப்பது வயிற்றுக்கான இடைவெளி மட்டும் இல்லை. மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான சரிவை அணுகலாம், மேட்டின் முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் எவ்வளவு கூரான முகட்டைத் தாண்டலாம், இறங்கி வெளியேறும்போது பின் பம்பர் தரையில் இடிக்காமல் இருக்குமா என்று மூன்று கோணங்களைப் பார்ப்பார்கள். தூக்கிய நிலையில் டிஃபெண்டர் 110-க்கு இவை முறையே 38, 28, 40 டிகிரி. நடுவில் உள்ள 28-ஐக் கவனியுங்கள். முன்னும் பின்னும் வெட்டிச் சுருக்கி வடிவமைத்துவிடலாம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டர் நீளமுள்ள வண்டியின் நடுவை அப்படிச் செய்ய முடியாது. அங்கே உதவுவது உயரம் ஒன்றுதான். தண்ணீரில் இறங்கும்போதும் உயரம் கைகொடுக்கும். டிஸ்கவரி 3-க்கு 700 மி.மீ., டிஃபெண்டருக்கு 900 மி.மீ. ஆழம்வரை போகலாம் என்று தயாரிப்பாளர் சொல்வது வண்டியைத் தூக்கிய நிலையில்தான். ஸ்விட்சைத் தட்ட மறந்து ஓடையில் இறங்கினால் அந்த எண் செல்லாது.

அந்த உயரம் ஒரு கடன்

சக்கரம் மொத்தமாக ஏறி இறங்கக்கூடிய தூரம் 250 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண உயரத்தில் மேலே 125, கீழே 125. வண்டியை 55 மி.மீ. தூக்கியதும் என்ன ஆகிறது? வண்டி மேலே போனது என்றால், வண்டியைப் பொறுத்தவரை சக்கரம் கீழே போய்விட்டது என்று பொருள். இப்போது மேலே ஏற 180 இருக்கிறது, கீழே இறங்க 70 மட்டுமே மிச்சம். மொத்தத் தூரம் கூடவில்லை. கீழே இருந்ததை எடுத்துத்தான் உயரம் வாங்கியிருக்கிறோம்.

காட்டுப்பாதையில் அந்தக் கீழ்நோக்கிய தூரத்துக்கு மதிப்பு அதிகம். பள்ளம் வரும்போது சக்கரம் இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். 70 மி.மீ.க்கு மேல் ஆழமாக இருந்தால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், பிடிப்பு போய்விடும். தூக்கிய நிலையில் வண்டி மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்று முட்டுவதும் இதனால்தான். காற்றைக் கூட்டியதால் பை இறுகிவிட்டது என்று நினைப்பார்கள். கணக்குப்படி பார்த்தால் அதே அழுத்தத்தில் அதிகக் காற்று இருக்கும் பை சற்று மென்மையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையில் முட்டுவது, சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர். சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே அது தன் நீளத்தின் கடைசிக்குப் போய் நின்றுவிடுகிறது.

சக்கரம் தொங்கும் பிரச்சினைக்கு டிஸ்கவரி 3-இல் ஒரு வழி செய்தார்கள். தூக்கிய நிலையில் மெதுவாகப் போகும்போது இடது வலது பைகளை இணைக்கும் வால்வு திறந்துகொள்கிறது. இடது சக்கரம் கல்லில் ஏறி அந்தப் பையை நசுக்கினால், அதிலுள்ள காற்று வலப்பக்கப் பைக்குப் பாய்ந்து வலது சக்கரத்தைக் கீழே தள்ளும். தராசின் ஒரு தட்டு ஏற மறுதட்டு இறங்குவது போல. பழைய ஒற்றை ஆக்சில் வண்டிகளின் நல்ல குணத்தை, தனித்தனிச் சக்கரமுள்ள வண்டிக்குக் காற்றைக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். சாலைக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும், இல்லையென்றால் வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சரிந்துவிடும்.

கடனுக்கு வட்டியும் உண்டு. வண்டி எழுந்ததும் அதன் கனமையமும், அதாவது எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியும், எழுகிறது. சக்கரங்களுக்கு இடையே அகலம் 1600 மி.மீ., கனமையம் 750 மி.மீ. உயரத்தில் என்று கொண்டால், வண்டி பக்கவாட்டில் சுமார் 47 டிகிரி சாயும்வரை கவிழாது. கனமையம் 55 மி.மீ. ஏறினால் அது 45 ஆகிறது. இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான தாள் கணக்கு. ஓடும் வண்டி, அதுவும் கூரையில் சாமான் ஏற்றிய வண்டி, இதற்கு வெகு முன்பே கவிழும். கூடவே, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள் கூடுதல் கோணத்தில் மடங்கிச் சுற்றுவதால் அவற்றின் இணைப்புகளும் தேயும். இதனால்தான் டிஸ்கவரி 3-இல் தூக்கிய நிலையில் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி தானாகவே இறங்கிவிடுகிறது. புதிதாக வாங்கியவர்கள் சிலர் இதைக் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

எப்போது தூக்குவது என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நடு மேடு, கல், ஓடை, கூரான முகடு வரும்போது, அதற்குள் நுழையும் முன்பே தூக்குங்கள். பக்கவாட்டுச் சரிவில் குறுக்காகப் போகும்போது இறக்கிக்கொள்ளுங்கள். வெறும் குண்டும் குழியுமான மண்சாலை என்றால் சாதாரண உயரமே நல்லது, வண்டியும் மென்மையாகப் போகும், சக்கரமும் தரையை விடாது. டிஸ்கவரி 3-இல் சேற்றுத்தடம், பாறை ஆகிய நிலைகளைத் தேர்ந்தெடுத்தால் வண்டி தானே எழுந்துகொள்ளும். மற்ற இடங்களில் முடிவு ஓட்டுபவருடையது.

வயிறு தட்டி நின்றே போய்விட்டால்? அப்போதும் கணினி உதவும். சக்கரங்கள் தாங்கும் எடை குறைந்து தொங்கத் தொடங்கியதை அது கண்டுபிடித்து, வழக்கமான உயரத்துக்கும் மேலே காற்றை ஏற்றிச் சக்கரங்களைக் கீழே தள்ளும். இது மீள்வதற்கான உயரம், ஓட்டுவதற்கானது இல்லை. சக்கரம் கீழே இறங்க இந்த நிலையில் கிட்டத்தட்ட எதுவும் மிச்சமிருக்காது.

தயாரிப்பாளர் தந்ததற்கு மேலே

இப்போது அந்தச் சின்ன ராடுக்கு வருவோம். சென்சாரின் ராடு நீளத்தை மாற்றினால் கணினி ஏமாறும். வண்டி சரியான உயரத்தில் இருந்தாலும் தாழ்ந்திருப்பதாக நினைத்து, இன்னும் காற்றை ஏற்றும். நான்கு ராடுகளையும் மாற்றினால் வண்டி எப்போதும் கூடுதல் உயரத்திலேயே நிற்கும். டிஸ்கவரி 3, 4 வைத்திருப்பவர்களிடம் மிகப் பரவலாக உள்ள மாற்றம் இது. செலவு குறைவு, வேலையும் எளிது. ராடைத் தொடாமல் கணினியில் இருக்கும் உயர அளவுகளை மட்டும் மாற்றி எழுதும் கருவிகளும் கிடைக்கின்றன. பெரிய டயர் போடுபவர்கள் டயர் உடம்பில் உரசாமலிருக்க இதைச் செய்கிறார்கள்.

கடன் கணக்கை மறக்காதவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே தெரியும். சாதாரண உயரமே ஏற்கெனவே 50 மி.மீ. மேலே போய்விட்டால், அதற்கு மேல் ஸ்விட்சைத் தட்டித் தூக்கும்போது சக்கரம் கீழே இறங்க ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. வேகக் கட்டுப்பாடும் ஏமாந்துபோகிறது. சாதாரண உயரம் என்று நினைத்துக்கொண்டு கணினி நூறு கி.மீ. வேகத்திலும் வண்டியைத் தூக்கியே வைத்திருக்கும். சக்கரக் கோணங்கள் மாறுவதால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும், ஹெட்லைட் மேலே பார்க்கும். ஒரு பயணத்துக்காக மாட்டி, திரும்பியதும் கழற்றிவிடுபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நிரந்தரமாக மாட்டுவதை, குறிப்பாக நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் குடும்ப வண்டியில், நான் பரிந்துரைக்க மாட்டேன். மாட்டியே தீர வேண்டும் என்றால் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் சரிபார்ப்பும் அன்றைக்கே செய்துவிடுங்கள். இந்தியாவில் ஓட்டுபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது.

ஏர் சஸ்பென்ஷனே இல்லாத பிக்கப் வண்டிகளில் பட்டை ஸ்பிரிங்குக்கும் சேஸுக்கும் நடுவே துணைக் காற்றுப்பை வைத்து உயர்த்துவதும் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பட்டை ஸ்பிரிங் தன் இரு முனைகள் வழியாக எடையைச் சேஸின் இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுக்கும். நடுவில் காற்றுப்பை வைத்தால் எடையின் பெரும்பங்கு அந்த ஒரே புள்ளியில் இறங்கும். அதற்குப் பின்னால் பாரமான கேரவனையும் (இழுத்துப் போகும் வீட்டு வண்டி) மாட்டினால் சேஸ் அந்த இடத்தில் வளைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுத்துப் போகும் பிக்கப்களில் இப்படிச் சேஸ் வளைவது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. துணைப் பை, அமுங்கிய வண்டியைச் சமநிலைக்குக் கொண்டுவரக் கொஞ்சம் உதவலாம். அதை உயரம் கூட்டும் கருவியாக நினைப்பது தவறு.

கசிவு

ஏர் சஸ்பென்ஷன் என்றாலே செலவு என்று பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் செலவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் பாதியைத் தவிர்த்துவிடலாம். ரப்பர் உறை மடிந்து சுருளும் இடத்தில் வருடக்கணக்கில் மணலும் சேறும் உரசி நுண்ணிய வெடிப்பு விழும். அங்கிருந்து காற்று கசியும். கசிந்ததை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். சிறிது நேரம் ஓடி நெடுநேரம் ஓய்வெடுக்கும்படி வடிவமைத்த கருவி அது. ஓய்வில்லாமல் ஓடினால் சூடாகி, பிஸ்டன் வளையம் தேய்ந்து ஒருநாள் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸரை மாற்றுவார்கள். கசியும் பை அப்படியே இருக்கும். சில மாதத்தில் புதுக் கம்ப்ரஸரும் போய்விடும். கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று சொல்லப்படும்போது, அதைக் கொன்றது எது என்று கேளுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சமதரையில் இரவு வண்டியை நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் எஞ்சினைப் போடும் முன் மறுபடி அளங்கள். சில வண்டிகளில் கணினி இரவில் தானாக விழித்து, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்ற மூலைகளையும் இறக்கிவிடும். அதனால் நான்கும் சேர்ந்து இறங்கியிருந்தால் எந்த மூலை குற்றவாளி என்று இதில் தெரியாது. அப்போது தூக்கிய நிலையில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரைப் பையின் மடிப்பிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்துப் பாருங்கள். பஞ்சர் கடையில் பார்ப்பது போலக் குமிழ் வரும்.

இதைச் செய்யும்போது கையையும் ஸ்பிரேயரையும் மட்டும் சக்கர வளைவுக்குள் நீட்டுங்கள், தலையையோ உடம்பையோ வண்டிக்கு அடியில் கொண்டுபோக வேண்டாம். தூக்கி நிற்கும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது காற்று மட்டுமே. ஒரு வால்வு திறந்தால், ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டால், கணினிக்கு இறக்க வேண்டும் என்று தோன்றினால், இரண்டரை டன் அப்படியே கீழே வரும். அடியில் போக வேண்டிய வேலை என்றால் சேஸின் உறுதியான இடத்தில் ஸ்டாண்ட் வைத்து, அதன்மேல் வண்டி உட்கார்ந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே போங்கள். டயர் மாற்ற ஜாக்கி வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வண்டியோடு தந்த கையேட்டில் ஜாக்கி வைக்கும் முன் உயரத்தை எப்படி நிறுத்தி வைப்பது என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள்.